சாவி பிளாப்பி

சிங்காநல்லூர்
24.10.1996

அன்புள்ள தம்பி கதிரேசனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருக்கிறாயா? வேளைக்குச் சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை பெருந்துறை மெஸ்ஸே கதியா? இங்கே உன் மச்சானும் நானும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் டி.டி.பி. கடை ஆயுத பூஜைக்கு நீ வந்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போனதில் அம்மாவுக்கு ரொம்பப் பெருமை. பக்கத்துக் கடைக்காரர்களிடமெல்லாம் 'எம் பையன் சிப்காட்டுல ஆபீஸ் வேலைங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்போது ஒரு சங்கடம். அன்று சாயங்காலம் நீ எழுத்தோடை சாஃப்ட்வேரை டப்பாவோடு வாங்கிப் போனாய் அல்லவா? செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுத்தாய். புதன்கிழமை காலையில் கடையைத் திறந்து சாவி பிளாப்பியைப் போட்டேன். கர்ரென்று ஒரு சத்தம். 'அனுமதியில்லாத நகல்' என்று இங்கிலீஷில் எழுத்து வந்து அப்படியே நின்றுவிட்டது. இருபது தடவை போட்டுப் பார்த்தேன், அதே கதைதான்.

உனக்குத் தெரியும், அந்தப் பிளாப்பி உள்ளே இருந்தால்தான் எழுத்தோடை திறக்கும். எழுத்தோடை திறந்தால்தான் அதில் அடித்த பக்கங்கள் திறக்கும். வேறு எதிலும் திறக்காது. மாற்றுப் பிளாப்பி கம்பெனி தருவதில்லை, நாமாக எடுக்கவும் முடியாது. மேட்டுப்பாளையம் உம்மல் குல்சும் டீச்சருடைய பத்தாம் வகுப்புக் கணக்குக் கையேடு இருநூற்று அறுபது பக்கம் உள்ளே மாட்டியிருக்கிறது. ஏழு மாதம் ஒவ்வொரு பின்னமாக, ஒவ்வொரு வர்க்கமூலமாக நான் அடித்தது. மார்ச் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் கையில் அது இருக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து அடிக்க எனக்கு நாளும் இல்லை, தெம்பும் இல்லை.

நீ அதை எந்தக் கம்ப்யூட்டரிலாவது போட்டுப் பார்த்தாயா? சும்மாதான் கேட்கிறேன். உடனே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா அன்புக்கரசி


பெருந்துறை
2.11.1996

அன்புள்ள அக்காவுக்கு,

கதிரேசன் வணக்கம். நான் நலம். உங்கள் நலனும் மச்சான் நலனும் அறிய ஆவல். அம்மாவின் காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, வரும்போது வாங்கி வருகிறேன்.

பிளாப்பி விஷயம் படித்து வருத்தப்பட்டேன். நான் அதை எந்தக் கம்ப்யூட்டரிலும் போடவில்லை. திங்கட்கிழமை கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சிநேகிதன் ஊரில் இல்லை. அன்று கரண்டும் இல்லை. டப்பாவைத் திறக்கவே இல்லை, டிரங்குப் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தேன். ஒருவேளை பஸ்ஸில் பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததால் காந்தம் பிடித்திருக்கலாம். சட்டைப் பையில் வைத்திருந்ததால் வேர்வையும் பட்டிருக்கலாம். இந்தப் பிளாப்பிகளே இப்படித்தான், திடீரென்று கெட்டுப்போகும் என்கிறார்கள்.

கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாற்றுத் தராமல் போவார்களா? ஆனால் என்னிடம் கொடுத்திருந்ததை அதில் எழுத வேண்டாம், வீண் வம்பு.

இங்கே வேலை அதிகம். தீபாவளிக்கு வர முடியுமா தெரியவில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்புத் தம்பி,
கதிரேசன்


சிங்காநல்லூர்
15.11.1996

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். தீபாவளிக்கு நீ வரவில்லை. உனக்கு எடுத்த சட்டையை அம்மா பீரோவில் வைத்திருக்கிறாள். அதிரசமும் எடுத்து வைத்திருந்தாள், எறும்புதான் தின்றது.

நான் காலையிலிருந்து ராத்திரி வரை பிழை திருத்துகிறவள். உன் கடிதத்தையும் புரூஃப் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை சிநேகிதன் ஊரில் இல்லை என்று ஒரு வரி. அன்று கரண்டு இல்லை என்று அடுத்த வரி. ஆளே இல்லாத வீட்டில் கரண்டு இருந்ததா இல்லையா என்று நீ எதற்குப் பார்த்தாய்? டிரங்குப் பெட்டியில் வைத்ததாக ஒரு வரி, சட்டைப் பையில் வைத்ததாக இன்னொரு வரி. 'பழகிப் பார்க்கறேங்க்கா'ன்னு கேட்டு வாங்கிப் போனவன் டப்பாவைத் திறக்கவே இல்லையா?

பிளாப்பியை ரிஜிஸ்டர் தபாலில் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். நீ சொன்னபடியே உன் பெயரை எழுதவில்லை. எழுதாமல் விட்டது எனக்கே உறுத்தலாக இருக்கிறது.

டீச்சர் போன வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி நேரில் வந்துவிட்டார். 'ஏனுங்க அன்பு, முதல் அத்தியாயமாச்சும் ஒரு தடவை காட்டுங்களேன்' என்றார். 'மிஷின் ரிப்பேருங்க டீச்சர்' என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடிக்கவே இல்லை என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

உள்ளதை எழுது, தம்பி. திட்ட மாட்டேன்.

உடம்பைக் கவனி. பனி அதிகம், காதுக்குத் துண்டு கட்டிக்கொண்டு போ.

அக்கா


எழுத்தோடை சிஸ்டம்ஸ்
சென்னை
2.12.1996

திருமதி அன்புக்கரசி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமுடன் தொழில் நடத்தி வர வாழ்த்துகிறோம்.

தாங்கள் அனுப்பிய சாவி பிளாப்பி பெறப்பட்டது. அதில் பாதுகாப்புக் குறி சிதைந்துள்ளது. நகல் எடுக்க முயலும்போது மட்டுமே இத்தகைய சிதைவு ஏற்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

தாங்கள் விலை கொடுத்துப் பெற்றது மென்பொருளை அன்று, அதை ஒரே கணினியில் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. டப்பாவின் உறையைப் பிரித்த கணமே, உள்ளே அச்சிட்டுள்ள விதிகளுக்குத் தாங்கள் சம்மதித்தவராகிறீர்கள். விதி 7: நகல் எடுத்தல் கூடாது. விதி 9: பிறருக்கு இரவல் தருதல் கூடாது. எனவே இலவச மாற்றுப் பிளாப்பி வழங்க இயலாது.

எனினும் தங்கள் தொழில் நலன் கருதி ஒரு சலுகை அளிக்கிறோம். இத்துடன் இணைத்துள்ள உறுதிமொழிப் படிவத்தில், நகல் எடுக்க முயன்றவரின் பெயர், முகவரி, தங்களுக்கு அவருடன் உள்ள உறவு ஆகியவற்றை நிரப்பிக் கையொப்பமிட்டு அனுப்பினால், பாதி விலையில் புதிய சாவி பிளாப்பி அனுப்பப்படும்.

தங்கள் ஒத்துழைப்பை நாடும்,
விற்பனைப் பிரிவு


சிங்காநல்லூர்
6.12.1996

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? கம்பெனிக்காரன் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், படி.

படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. உறைக்குள் இருக்கும் விதியை உறையைப் பிரிக்காமல் எப்படிப் படிப்பது? அம்மிக்கல்லை விற்றவன் வாசலில் வந்து நின்று, உன் வீட்டு மிளகாயைத்தான் அரைக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் குழவி உருளாது என்பானா? இதை வாங்கப் போன அன்றைக்கே அந்த விற்பனை ஆள் 'கடை உங்க சொந்தக் கடைதானுங்களா?' என்று மூன்று தடவை கேட்டான். பக்கத்தில் நின்று வாங்கிய ஜவுளிக்கடைக்காரரிடம் கேட்கவில்லை. நம் தெருவிலிருந்து ஒருத்தி கம்ப்யூட்டர் வாங்கினால் அவனுக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. இன்றைக்கு அதை எழுத்திலேயே எழுதிவிட்டான்.

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட எனக்கு இஷ்டமில்லை. ஆனால் நகல் எடுக்கும்போது மட்டும்தான் அப்படிச் சிதையும் என்கிறான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீதான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குப் பரவாயில்லை. நீ சாப்பிட்டாயா என்று தினமும் என்னைக் கேட்கிறாள்.

அக்கா


பெருந்துறை
28.12.1996

அக்காவுக்கு,

வணக்கம். நலம். அனைவரும் நலமென நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கம்பெனிக்காரன் உங்களைச் சந்தேகப்பட்டால் வயிறு எரிகிறது. நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டால் எனக்கு எரியாதா? சின்ன வயதில் யார் வீட்டுக் கொய்யாக்காய் காணாமல் போனாலும் 'கதிரேசனைக் கேளு' என்பீர்கள். பாதி நேரம் எடுத்தவன் நானாகத்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

பேங்கில் கடனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். சிப்காட் வாசலுக்கு எதிரில் ஒரு சின்ன அறை பார்த்திருக்கிறேன். உங்களைப் போல நானும் சொந்தமாக ஒரு டி.டி.பி. கடை போட வேண்டும் என்று ஆசை. எங்கள் ஆபீஸ் மேனேஜர் நல்லவர், ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார். இந்த நேரத்தில் என் பெயர் எந்தக் கடுதாசியிலும் வர வேண்டாம். இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஏற்கெனவே எழுதியதுதான். புதிதாக எழுத ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு என் வணக்கம்.

கதிரேசன்


சிங்காநல்லூர்
7.1.1997

தம்பி கதிரேசனுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

நேற்று காகிதம் வாங்கக் காந்திபுரம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில் புதிதாக ஒரு டி.டி.பி. கடை. பங்காரம்மா என்று ஓர் அம்மணி நடத்துகிறார். எட்டிப் பார்த்தால் எழுத்தோடை ஓடிக்கொண்டிருக்கிறது. பிளாப்பி போடும் வாயில் ஒன்றுமே இல்லை! 'சாவி எங்கீங்க?' என்று கேட்டேன். 'சாவியெல்லாம் ஆருக்கு வேணுங்க அம்மணி? இது ஈரோட்டுச் சரக்குங்க. போன மாசந்தான் போட்டுக் குடுத்தாங்க. சும்மா தண்ணியாட்டம் ஓடுதுங்க' என்றார்.

ஈரோட்டுச் சரக்கு. பெருந்துறையிலிருந்து ஈரோடு எவ்வளவு தூரம், கதிரேசா?

காசு கொடுத்து வாங்கியவள் இரண்டரை மாதமாகக் கடையில் ஈ ஓட்டுகிறேன். வாங்காதவளுக்குத் தண்ணீராக ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை ஆர்டர்களையெல்லாம் வெளியே கொடுத்து அடிக்கிறேன். உம்மல் குல்சும் டீச்சர் தன் நோட்டுகளைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். என் சாவியை வைத்து நகல் எடுத்து அதை ஊரெல்லாம் விற்றாயா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. இல்லை என்றால் பொங்கலுக்கு நேரில் வந்து, அம்மா முன்னால் என் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல். நம்பிவிடுகிறேன்.

அந்தப் படிவம் என் மேசை மேல்தான் இருக்கிறது. பொங்கல் வரை பார்ப்பேன்.

'அவனை ஏங்கண்ணு இப்புடிப் போட்டு நெருக்கறே?' என்கிறாள் அம்மா.

அக்கா


சிங்காநல்லூர்
20.1.1997

எழுத்தோடை சிஸ்டம்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டு இணைத்துள்ளேன்.

நகல் எடுக்க முயன்றவர் பெயர்: வே. கதிரேசன். உறவு: உடன்பிறந்த தம்பி. அறை எண் தெரியாததால், நான் அவருக்குக் கடிதம் எழுதும் அலுவலக முகவரியையே எழுதியிருக்கிறேன்.

புதிய சாவி பிளாப்பியைத் தாமதமின்றி அனுப்பிவைக்கவும். பரீட்சை நெருங்குகிறது.

இப்படிக்கு,
அன்புக்கரசி


பெருந்துறை
18.2.1997

அக்காவுக்கு,

உங்கள் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் ஆபீஸ் விலாசத்துக்கு ரிஜிஸ்டரில் வந்தது. நான் கேண்டீனில் இருந்தேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துவிட்டார். கூடவே நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் இருந்தது. அவர்கள் மட்டும் நகல் எடுக்கலாம் போலிருக்கிறது.

மேனேஜர் திட்டவில்லை. 'ஏப்பா கதிரேசா, நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் ஏதாச்சும் எடுத்துட்டியா?' என்று மெதுவாகக் கேட்டார். 'இல்லீங்க சார்' என்றேன். 'செரி செரி, நீ கொஞ்ச நாள் குடோனைப் பாத்துக்க' என்று சொல்லிக் கம்ப்யூட்டர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். பேங்குக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது சாயத் துணி மூட்டைகளுக்கு நம்பர் ஒட்டுகிறேன். சாயங்காலம் வெளியே போகும்போது வாட்ச்மேன் என் சாப்பாட்டுத் தூக்கை மட்டும் திறந்து பார்க்கிறார்.

புத்தகம் திறந்ததா?

கதிரேசன்


சிங்காநல்லூர்
3.3.1997

என் கண்ணான தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் புதிய சாவி வந்தது. புத்தகம் திறந்தது. நாலு நாள் ராப்பகலாகப் பிரிண்ட் எடுத்து டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது அச்சில் இருக்கிறது, பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் கைக்குப் போய்விடும்.

அந்தப் பார்சலோடு என் பழைய பிளாப்பியையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. பரிசோதனை செய்தவன் தன் மேலதிகாரிக்கு எழுதியது போல. எடுக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 'தகட்டின் மேல் மஞ்சள் நிறத் தூளும் சிவப்புத் தூளும் உள்ளன. சந்தனம், குங்குமம் ஆகலாம். அதனால் கீறல். நகல் முயற்சி என்று உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தான். தேதி நவம்பர் 27. அவர்கள் எனக்கு அந்தக் கடிதம் எழுதும் முன்பே இது அவர்களுக்குத் தெரியும்!

ஆயுத பூஜையன்று சந்தனம் வைத்தது நான்தான், கதிரேசா. மானிட்டருக்கு வைத்தேன், பிரிண்டருக்கு வைத்தேன், கட்டிங் மிஷினுக்கு வைத்தேன். தொழிலுக்கே சாவி இதுதானே என்று பிளாப்பியின் இரும்பு மூடி மேலும் குழைத்துக் கெட்டியாக ஒரு பொட்டு வைத்தேன். அது காய்ந்து உதிர்ந்து உள்ளே போயிருக்கிறது. கம்பெனிக்காரன் என் மேல் போட்ட பழியை நான் அப்படியே வாங்கி உன் மேல் போட்டுவிட்டேன். அவனாவது ஊர் பேர் தெரியாதவன். நான் கூடப் பிறந்தவள்.

நம் ஏரியாவில் சனிக்கிழமைகளில் நுகர்வோர் ஆலோசனை சொல்லும் ரம்ஜான் பீவியிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போடலாம் என்கிறார். 'கெட்டுப்போனா உதவும்னு வாங்குனவங்க ஒரு மாற்று நகல் எடுத்து வெச்சுக்கறதுக்குச் சட்டத்துலயே இடமிருக்குதுங்க. உங்க தம்பி பிளாப்பியை மிஷின்ல போடவே இல்லைன்னாலும் செரி, உங்களுக்காக மாற்று எடுக்கப் பாத்தேன்னு எழுதிக் குடுத்தாலும் செரி, ரெண்டுல ஒண்ணு போதுமுங்க' என்றார்.

இரண்டில் எது உண்மையோ அதை எழுதி அனுப்பு. அதைக் கொண்டே உன் பெயரை மீட்டுவிடுவேன். உன் மேனேஜர் காலில் வேண்டுமானாலும் வந்து விழுகிறேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு.

பாவி அக்கா


பெருந்துறை
24.3.1997

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் வந்து பத்துப் பதினைந்து நாளாகிறது. இரண்டில் எது உண்மையோ அதை எழுது என்றிருக்கிறீர்கள். இரண்டும் உண்மை இல்லை.

விஜயதசமி அன்று அந்தப் பிளாப்பியை ஈரோட்டுக்குக் கொண்டுபோனேன். சிநேகிதன் இருந்தான், கரண்டும் இருந்தது. சாவி உடைப்பதில் கெட்டிக்காரன் ஒருவனை அவன் கூட்டி வந்திருந்தான். உங்களுக்கு மாற்று வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குக் கடை வைக்க ஒன்று வேண்டும் என்றுதான் போனேன். பதினோரு தடவை போட்டோம். முதல் தடவையே கர்ரென்றது. வெளியே எடுத்து மூடியைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே தகட்டின் மேல் சந்தனத் தூள். அவன் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்க இன்னும் கெட்டது.

பிளாப்பியைப் போடுவதற்கு முன்னாலேயே அந்தப் பொட்டைப் பார்த்தேன், அக்கா. துடைத்துவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன். பூஜைக்கு வைத்த பொட்டு, அதற்குள் அழிக்கக் கூடாது என்று அம்மா சொல்வது ஞாபகம் வந்தது. திருடப் போகிறவனுக்கு அது ஒன்றுதான் தப்பாகப் பட்டது. பொட்டோடேயே உள்ளே தள்ளினேன். துடைத்துவிட்டுப் போட்டிருந்தால் நகலும் வந்திருக்கும், பிளாப்பியும் பிழைத்திருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

காந்திபுரத்தில் நீங்கள் பார்த்தது உங்கள் சரக்கில்லை. அந்த ஈரோட்டுக்காரன் பிறகு வேறு யாருடைய சாவியையோ வைத்து உடைத்துவிட்டான். டிசம்பரில் எனக்கும் ஒன்று கொடுக்க வந்தான், வாங்கவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், பயம். அதை வாங்கி உங்களிடம் கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே புத்தகம் திறந்திருக்கும். ஆனால் திருடன் நான்தான் என்று உறுதியாகியிருக்கும். அதனால் நீங்கள் தவித்தால் தவியுங்கள் என்று இருந்துவிட்டேன். இதை எழுதத்தான் இத்தனை நாளானது.

ரம்ஜான் பீவி கேட்கிறபடி, உங்களுக்காகத்தான் எடுத்தேன் என்று வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். கீழே வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். மேலே என்ன வேண்டுமோ நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒரு தடவை என்னைக் கேட்காமல் எழுதியவர்தானே.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி,
கதிரேசன்


சிங்காநல்லூர்
17.4.1997

அன்புத் தம்பி கதிரேசனுக்கு,

அம்மாவும் மச்சானும் நானும் சுகம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டாள். பிறகு 'ரெண்டு பேருமே என்ற வவுத்துல பொறந்ததுகதான்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய் உலை வைத்தாள்.

நீ கையெழுத்திட்டு அனுப்பிய வெறும் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி யாருக்கும் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதே, எனக்குக்கூட.

செவ்வாய்க்கிழமை நுகர்வோர் மன்றத்தில் நான் போட்ட வழக்குக்கு வாய்தா. ரம்ஜான் பீவி கூடவே வந்தார். கம்பெனி வக்கீல் எழுந்து, 'உங்க தம்பி நகல் எடுக்க முயற்சி செஞ்சாரா, இல்லையா?' என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிடலாம். சீட்டு என் கையில் இருக்கிறது, கெட்டதற்குக் காரணம் சந்தனம்தான். பீவியும் என்னையே பார்க்கிறார். நான், 'செஞ்சானுங்க. அவனுக்கோசரந்தான் செஞ்சானுங்க, எனக்குத் தெரியாதுங்க. ஆனா பிளாப்பி கெட்டது நான் வெச்ச சந்தனத்தாலீங்க. அது உங்க கம்பெனிக்கு நவம்பர்லயே தெரியுமுங்க. தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்ட ஆள் பேரைக் கேட்டு வாங்குனீங்க. நான் வாங்குன பொருளுக்கு ஒரு மாற்று குடுத்திருந்தீங்கன்னா நான் என்ற தம்பி பேரை எழுதியிருக்க மாட்டனுங்க' என்று சொல்லிவிட்டேன். வக்கீல் சிரித்தார். ஜூனில் தீர்ப்புச் சொல்வார்களாம். பாதி தோற்றது மாதிரிதான் என்கிறார் பீவி. எனக்கென்னவோ அன்றைக்குத்தான் இரண்டு வாய் சோறு நிம்மதியாக இறங்கியது.

அந்த உறுதிமொழியை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். வாபஸ் வாங்கினால் புதிய சாவியைத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். தந்துவிட்டேன். இரண்டு வருஷம் நான் அடித்ததெல்லாம் மறுபடி உள்ளே மாட்டிக்கொண்டது. மாட்டட்டும். டீச்சருடைய கையேடு மட்டும் வெளியே வந்துவிட்டது, அது போதும். வாபஸ் கடிதத்தின் நகலோடு நானே பஸ் ஏறிப் பெருந்துறை வந்து உன் மேனேஜரைப் பார்த்தேன். நீ குடோனுக்குள் இருந்தாய். உன்னைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் படித்துவிட்டு 'பாக்கலாமுங்க' என்றார், அவ்வளவுதான். நான் போட்ட கறையை நானே துடைத்தாலும் முழுதாகப் போகாது போலிருக்கிறது.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று பூஜை முடிந்ததும் நீ ஒளிக்காமல், 'அக்கா, நானும் கடை போடோணும், இதுல எனக்கும் ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா?' என்று நேராகக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? சரி என்றிருப்பேன் என்று நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. சொல்லியிருக்க மாட்டேன், தம்பி. டப்பாவிலிருந்த விதித்தாளை எடுத்துக் காட்டி, கூடாதென்று போட்டிருக்கிறான் பார் என்று கம்பெனிக்காரன் பக்கமாக நின்று உன்னை அனுப்பியிருப்பேன். நீ அது தெரிந்துதான் கேட்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. ஆனாலும் கூப்பிடுகிறேன். நீ வராவிட்டாலும் கோபப்பட மாட்டேன், அடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன்.

வெயில் கடுமையாக இருக்கிறது. குடோனுக்குள் மோர் கொண்டு போ.

உன் அக்கா,
அன்புக்கரசி